கோட்டையை இடித்த ‘ஆனால்’

என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இரண்டே நாளில் படித்து முடித்து, கட்டிலில் போட்டுவிட்டுப் போன புத்தகம் அது. சிறுவர்களுக்கான ஆங்கில மாயக்கதை. நார்ட்டன் ஜஸ்டர் எழுதி 1961இல் அமெரிக்காவில் வெளியான ‘தி ஃபேன்டம் டோல்பூத்’. மாயச் சுங்கச்சாவடி என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு வயதுப் பெண்ணுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்த அந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. மடியில் புத்தகம், வலப்பக்கம் ஆங்கில அகராதி, இடப்பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தெரியாத சொல் வரும்போதெல்லாம் நோட்டில் எழுதுவேன். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே அதைச் சொல்லிப் பார்ப்பேன். “ம்மா, அது அப்படி இல்ல” என்று உள்ளறையிலிருந்து திருத்தம் வரும்.

நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணமும் நிகண்டும் நடத்துகிறேன். கவிதை எழுதுகிறேன். சொல் எனக்குப் புதிதல்ல. ஆங்கிலச் சொல் புதிது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், கட்டுரை வாசிக்கும்போது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஆங்கிலம் தேவைப்படும் இடங்களில் வாய் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் மெல்ல மெல்லத் தமிழிலும் வந்துவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை.

இந்த நாவல் அதைக் கவனிக்க வைத்தது. என்னைச் சொல்லில் சேர்த்துக்கொண்ட அதே புத்தகம், என் போன்றவர்களைக் கதைக்குள் எங்கே உட்கார வைத்திருக்கிறது என்பதையும் காட்டியது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கதை எளியது. மைலோ என்று ஒரு சிறுவன். எதிலும் பிடிப்பில்லாதவன். ஒருநாள் அவன் அறையில் ஒரு பொட்டலம் வந்து கிடக்கிறது. பிரித்துப் பொருத்தினால் ஒரு சுங்கச்சாவடி. தன் பொம்மைக் காரில் ஏறிக் காசைப் போட்டுச் சாவடியைத் தாண்டுகிறான். அப்புறம் அவன் போகிற நாடு முழுக்கச் சொற்களாலும் எண்களாலும் ஆனது. நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிற மரபுத்தொடர்களெல்லாம் அங்கே ஊராகவும் ஆளாகவும் தீவாகவும் நிற்கின்றன.

‘டோல்ட்ரம்ஸ்’ என்றொரு சொல். அகராதியைப் பார்த்தால், கடலில் காற்று செத்துப்போன பகுதி, பாய்மரக் கப்பல் நகராத இடம், மனச்சோர்வு என்று போட்டிருக்கும். நாவலில் அது ஒரு சாம்பல் நிற ஊர். அங்கே யோசிப்பது சட்டப்படி குற்றம். யோசிக்காமல் ஓட்டிக்கொண்டு வந்த மைலோவின் கார் அங்கே போய் நின்றுவிடுகிறது. உடம்பில் கடிகாரம் பொருத்திய ஒரு காவல் நாய் வந்து, யோசிக்காமல்தானே இங்கே வந்து சேர்ந்தாய், வெளியேற வேண்டுமானால் யோசி என்கிறது. அவன் யோசிக்க யோசிக்கக் கார் நகர்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். கல்யாணம், பிரசவம், மாமியாரின் நோய் என்று என் ஆய்வு மூன்றாண்டு நின்று கிடந்தது. அந்த மூன்றாண்டைச் சொல்ல எனக்கு ஒரு சொல் இல்லாமல் இருந்தது. ‘இடைவெளி’ என்று விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன். அது இடைவெளியே அல்ல. காற்று நின்றுபோன கடல்.

‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’ என்றொரு தொடர். ஒருவர் சொல்வதைச் சரியாகக் கேட்காமல், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடித்து அனுப்புவது. நாவலில் ஷ்ரிஃப்ட் ஒரு போலீஸ்காரர். இரண்டடி உயரம், அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அகலம். பிடிக்கிறவரும் அவரே, அங்கியை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே, சிறைக்குக் கூட்டிப்போகிறவரும் அவரே. மைலோவுக்கு அவர் விதிக்கும் தண்டனை அறுபது லட்சம் ஆண்டு. படிக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பிறகு, காவலரும் நீதிபதியும் சிறைக்காரரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது, நம் வீடுகளின் முன்னறையும் அதில் கிடக்கும் சாய்வு நாற்காலியும் நினைவுக்கு வந்தன.

ஒரு சொல்லை இப்படிக் கற்பதற்கும் மனப்பாடம் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நம் மரபில் சொல்வளம் என்பது மனப்பாடம்தான். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என்று நிகண்டுகளைச் செய்யுளாகவே நெட்டுருப் போட்டார்கள். நெட்டுருப் போட ஆசிரியர் வேண்டும், திண்ணை வேண்டும், அங்கே போய் உட்கார நேரமும் அனுமதியும் வேண்டும். இவற்றில் எதுவும் பெரும்பாலான பெண்களிடம் இல்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அகரவரிசைக்கு மாறியபோது, எழுத்துத் தெரிந்த யாரும் தானாகவே சொல்லைத் தேடிக்கொள்ளலாம் என்று ஒரு கதவு திறந்தது. எழுத்துத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி.

ஜஸ்டருக்கும் இப்படி ஒரு வேலி இருந்தது. அவர் காலத்து அமெரிக்காவில், பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களுக்குள்ளேயே எழுத வேண்டும் என்ற கட்சி பலமாக இருந்தது. 1957இல் வந்த டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் தி ஹேட்’ வெறும் 236 சொற்களில் எழுதப்பட்டது. ஜஸ்டரிடமும் இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்று சொல்லியிருக்கிறார்கள். தொழிலில் கட்டடக் கலைஞரான அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதற்குமேல் தரமாட்டேன் என்று படிக்கிறவரிடம் அவர் சொல்லவில்லை. அந்த மரியாதை 46 வயதில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் எனக்கும் கிடைத்தது. இதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மேலே போனால், பெண்கள் வருகிறார்கள். இந்தச் சொல் நாட்டில் கதையின் போக்கைத் தீர்மானிக்கிற பெண்கள் நான்கு பேர். நான்கு பேரும் நான்கு சுவருக்குள் இருக்கிறார்கள்.

முதலாமவள் ஃபெயின்ட்லி மெக்காபர். சொல் நகரத்துச் சிறையில் மைலோ அவளைச் சந்திக்கிறான். அவள் பதவிக்குப் பெயர் ‘விச்’. எது என்று கேட்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் சூனியக்காரி என்ற சொல்லுக்கும் ஒலி ஒன்றுபோல இருப்பதை வைத்து ஜஸ்டர் விளையாடுகிறார். எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று தேர்ந்து தருவது அவள் வேலை. அரசனுக்குப் பாட்டி முறை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் செய்தாள். மக்கள் சொற்களை வாரி இறைப்பதைப் பார்த்து, குறைத்துப் பேசுங்கள் என்றாள். இன்னும் குறையுங்கள் என்றாள். கடைசியில் ஒருவரும் பேசாமல் சொல் சந்தையே படுத்துவிட்டது. அரசன் கோபித்துக்கொண்டு அவளைச் சிறையில் போட்டான்.

அவள் செய்தது தப்புத்தான். அதிகாரத்தின் ருசி அவளுக்கும் ஏறியது. ஆனால் அதே நகரத்தில் அரசனுக்கு ஐந்து அமைச்சர்கள் இருக்கிறார்கள். ஐவரும் ஆண்கள். ஒருவர் ஒரு சொல் சொன்னால் மற்ற நால்வரும் அதே பொருளில் வேறு நான்கு சொல் சொல்வார்கள். ஒன்றுக்கு ஐந்து செலவு. ஹம்பக் என்ற பெரிய வண்டு வாயைத் திறந்தால் புளுகு. இவர்கள் யாருக்கும் சிறை இல்லை. அளவுக்கு மேல் பேசுகிற ஆணுக்கு அமைச்சர் பதவி, அளவாகப் பேசச் சொன்ன கிழவிக்கு நிலவறை. நம் ஊரில் கணக்கு வேறு மாதிரி. அதிகம் பேசினால் வாயாடி, பேசாவிட்டால் ஊமைக் கோட்டான். வாயாடி என்று ஓர் ஆணைச் சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

எந்தச் சொல் தகும், எது தகாது என்று தீர்மானிக்கிற வேலையை நம் இலக்கிய உலகில் பெண்கள் செய்து நான் பார்த்ததில்லை. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது, சங்கப் பாடல் முழுக்கக் கிடக்கிற ஒரு சொல்லை ஒரு பெண் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தாள் என்பதற்கு எவ்வளவு கூச்சல் எழுந்தது! அப்போது நான் இருபதுகளில் இருந்தேன். என் கையெழுத்துப் பிரதியிலிருந்து மூன்று கவிதைகளை நானே எடுத்து வைத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்குள்ளேயே ஒரு ஃபெயின்ட்லி மெக்காபர் உட்கார்ந்து குறை, குறை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாவலில் அவளைச் சிறை வைத்தது அரசன். என்னுடையவளை அந்தப் பதவியில் அமர்த்தியது யார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது ஆண்டு ஆனது.

அதே நகரத்தில் ஒரு வண்டி இருக்கிறது. அமைச்சர்கள் மைலோவை அதில் ஏற்றிக்கொண்டு, எல்லோரும் பேசாமல் இருங்கள் என்கிறார்கள். பேசாமல் இருந்தால்தான் அது ஓடும். ‘கோஸ் விதவுட் சேயிங்’ என்ற தொடரை அப்படியே சக்கரம் மாட்டி ஓட விட்டிருக்கிறார் ஜஸ்டர். சொல்லவே வேண்டாம், தெரிந்ததுதானே என்ற பொருளில் வருகிற தொடர். காலைக் காப்பியை யார் போடுவது என்று ஒருநாளும் யாரும் பேசிக்கொள்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்றும் பேசுவதில்லை. குடும்பம் என்கிற வண்டி அப்படித்தான் ஓடுகிறது. யாராவது வாயைத் திறந்தால் நின்றுவிடும். நிறுத்தியவள் என்ற பெயரும் அவளுக்கே வரும்.

இரண்டாமவள் ஒலிகளைக் காக்கிறவள். மௌனப் பள்ளத்தாக்கில் ஒரு கோட்டையில் இருக்கிறாள். மக்கள் காதுகொடுத்துக் கேட்பதை விட்டுவிட்டு இரைச்சலில் திளைத்ததால் மனம் வெறுத்துப்போய், பள்ளத்தாக்கின் எல்லா ஒலிகளையும் கோட்டைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். உலகில் இதுவரை எழுந்த எல்லா ஒலிகளும் அங்கே ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஊமையாகிப்போன ஊர்க்காரர்கள் மைலோவிடம், எப்படியாவது ஒரே ஓர் ஒலியை உள்ளேயிருந்து கடத்திக்கொண்டு வா என்று எழுதிக் காட்டிக் கேட்கிறார்கள். அவன் உள்ளே போகிறான். எதையும் எடுக்க வழியில்லை. பேச்சுக்கு நடுவே அவன் மறுத்துச் சொல்ல வாயெடுக்கிறான். ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடி அதைப் பல்லுக்குப் பின்னால் அடக்கிக்கொண்டு வெளியே வருகிறான். ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள். கோட்டை இடிந்து விழுகிறது.

அந்தச் சொல் ‘பட்’. நம் ‘ஆனால்’.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாவிடம் அம்மா பேசுவது நினைவுக்கு வந்தது. “சரிங்க... ஆனா...” என்று தொடங்குவாள். “ஆனான்னு இழுக்காத” என்பார் அப்பா. பேச்சு அங்கே முடிந்துவிடும். நாற்பது ஆண்டு அம்மா அந்த ‘ஆனா’வைப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எவ்வளவு வெடிமருந்து! அது எந்தக் கோட்டையையும் இடிக்கவில்லை. அவள் போனபோது அவளோடு போய்விட்டது. நான் இலக்கண வகுப்பில் ‘ஆனால்’ என்பதை இணைப்புச் சொல் என்று நடத்துகிறேன். இரண்டு வாக்கியங்களை இணைப்பது என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். அது முதல் வாக்கியத்தை எதிர்த்து நிற்கிற சொல் என்று ஒருநாளும் அழுத்திச் சொன்னதில்லை.

ஆனாலும் இந்தக் காட்சியில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அவ்வளவு வல்லமையுள்ள சொல்லை நாவல் ஒரு சிறுவனின் நாக்கில் வைத்து, ஒரு பெண்ணின் வீட்டின்மீது சுட வைக்கிறது. ஒலிகளை ஒன்றுவிடாமல் சேர்த்து, வகைபிரித்து அடுக்கிய அவள்தான் அந்நாட்டின் பெரிய அறிஞர். இடிபாட்டிலிருந்து எழுந்துவந்து, தானும் தப்புச் செய்துவிட்டதாக அவள் ஒத்துக்கொள்கிறாள். கேட்க மறந்த ஊர் ஏன் கேட்க மறந்தது என்ற அவளுடைய கேள்வி இடிபாட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

மீதி இருவரும் இளவரசிகள். ரைம், ரீசன். எதுகை, நியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லை ஆளும் அண்ணனுக்கும் எண்ணை ஆளும் தம்பிக்கும் வழக்கு. சொல் பெரிதா, எண் பெரிதா? இருவரும் இளவரசிகளிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். இரண்டும் சமம் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத சகோதரர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். இளவரசிகளைத் தூக்கி ஆகாயக் கோட்டையில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அது. அதற்குப் பிறகு நாட்டில் எதுவும் உருப்படவில்லை. எதுகையும் இல்லை, நியாயமும் இல்லை. அவர்கள் திரும்பினால்தான் நிலவறைக் கிழவிக்கும் விடுதலை. சமம் என்று சொன்னதற்காகத் தண்டனை வாங்கிய இந்த இருவரும்தான் நாவலின் அச்சு. அவர்களை மீட்டுவர ஒரு பையன் வர வேண்டியிருக்கிறது.

நான் பாடம் நடத்துகிற ‘உலா’வின் அமைப்பு இதேதான். தலைவன் யானையிலோ தேரிலோ பவனி வருவான். பெண்கள் தெருவிலும் மாடத்திலும் நின்று பார்ப்பார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று வயதுவாரியாக ஏழு பருவம். நகர்கிறவன் அவன், நிற்கிறவர்கள் இவர்கள். மைலோவின் பொம்மைக் கார் அமெரிக்காவில் 1961இல் போன பவனியிலும் நிற்கிற பெண்கள் நிற்கிறார்கள்.

அந்த ஏழு சொற்களை இருபது ஆண்டாக மாணவிகளை ஒப்பிக்க வைக்கிறேன். பேதைக்கு 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. இந்தப் புத்தகத்தோடு புதுச்சொல் நோட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஐந்து வாரத்தில் ஒருநாள்தான், எனக்கு 46 என்பது உறைத்தது. நாற்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. ஆண்களுக்கும் பருவம் சொன்ன பாட்டியல் முப்பதுக்கு மேற்பட்டவனை முதுமகன் என்கிறது. அவனுக்கு மேல்வரம்பு இல்லை. பார்த்து மயங்குவதற்கு மட்டும் பெண்ணைப் பருவம் பிரித்தவர்களுக்கு, நாற்பதுக்கு மேல் அவள் தேவைப்படவில்லை. நான் நடத்துகிற பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் ஆறாண்டாக அதை நடத்திவந்திருக்கிறேன்.

அறுபது ஆண்டுக்கு முந்தைய சிறுவர் கதையிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். ஒரு தோழி கேட்டாள். மரபுத்தொடரை அதன் சொற்பொருளில் அப்படியே எடுத்துப் பார், அதற்குள் ஒளிந்திருப்பது தெரியும் என்பதுதான் இந்த நாவல் எனக்குக் கற்றுத்தந்த வித்தை. அதே வித்தையை நாவலின்மீது போட்டுப் பார்த்தேன். பூட்டிய அறையில் பெண் என்று எழுதியிருந்தால், பூட்டிய அறையில் பெண் என்றே படித்தேன். புத்தகத்துக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

அந்தச் சொல் நகரத்தில், உலகத்துச் சொற்களெல்லாம் தங்கள் தோட்டத்து மரங்களில்தான் விளைகின்றன என்று அமைச்சர்கள் பெருமை பேசுவார்கள். தோட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று மைலோ கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்கு முறத்தைக் கையில் எடுத்தால் புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு, நாவுவது வேறு. நான்கு அசைவு, நான்கு சொல். எனக்கு அவை அகராதியில் இருக்கும் வினைச்சொற்கள். அவளுக்கு மணிக்கட்டில் இருந்தவை.

இந்தப் பருவத்தில் என் வகுப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். உலாவின் ஏழு பருவத்தையும் நடத்தி முடித்தபின், எட்டாவது வரியில் ஒரு கோடு மட்டும் போட்டேன். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு உங்கள் வீட்டில், தெருவில் என்ன சொல் இருக்கிறது, கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் வந்த தாள்களில் பெரும்பாலும் உறவுப் பெயர்கள்தான். அம்மா, அத்தை, பெரியம்மா, ஆச்சி. யாரோ ஒருவருக்கு யாரோ ஒருத்தியாக இருப்பதற்கான பெயர்கள். ஒரு மாணவி மட்டும் கோட்டை அப்படியே விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று, “எங்கம்மாகிட்ட கேட்டேன் மேடம். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. இன்னும் யோசிக்கிறாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்து அபராதம் ஏறிவிட்டது. “நீங்கதான் கட்டணும், ஆனா...” என்று மகள் ஆரம்பித்தாள். ‘இழுக்காதே’ என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. பல்லுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

“ம், சொல்லு. ஆனா?”